குட்டியானையில் கிடைப் பயணம்: எதைப் பொருத்தலாம், எதைத் தொடக்கூடாது?

தை அறுவடை முடிந்ததும் விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் செம்மறிக் கிடைகள் தஞ்சைப் பக்கம் நகரத் தொடங்கும். சம்பா அறுத்த வயலில் கிடை மறித்து, மேட்டூர் அணை திறப்புக்கான வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது ஊர் திரும்புவார்கள். முன்பு தலைச்சுமையிலும் கழுதை முதுகிலும் போன தட்டுமுட்டுச் சாமான்கள் இப்போது சின்னச் சரக்கு வண்டியில் போகின்றன. இந்த வண்டியை மூன்று, நான்கு மாத வெளியூர் வாழ்க்கைக்குத் தயார் செய்வது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள் இடம்பெறுகின்றன.

கேள்வி: "சாத்தூர் பக்கம் எங்களுக்கு 120 செம்மறி ஆடுகள். பழைய குட்டியானை ஒன்று வாங்கியிருக்கிறோம். தண்ணீர் டிரம், படல், சமையல் சாமான், ஆட்டுக்குட்டிகள் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். மேலே ஒரு தட்டு அடித்துப் படுக்கவும் இடம் செய்யலாமா? ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டால் தாங்குமா?"

பதில்: முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். அதில் வெற்று எடை, மொத்த எடை என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றக்கூடிய எடை. குட்டியானை வகை வண்டிகளில் இது முக்கால் டன் அளவில் இருக்கும். ஓட்டுநரும் பக்கத்தில் உட்காருபவரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

750 கிலோ ஏற்றும் வண்டிக்கு ஒரு மாதிரிக் கணக்கு: 200 லிட்டர் தண்ணீர் டிரம்முடன் 208 கிலோ. குழாய்ச் சட்டமும் தார்ப்பாயும் 60. படலும் வலையும் 80. அரிசி, பருப்பு, தவிடு 75. அடுப்பு, பாத்திரம் 25. துணிமணி, பெட்டி, பாய் 50. கருவிகள், மருந்துப் பெட்டி, பேட்டரி 40. இரண்டு ஆட்கள் 120. கூட்டினால் 658 கிலோ. மீதி 92 கிலோதான். 8 கிலோ எடையுள்ள குட்டிகள் பத்து ஏற்றினால் 80 கிலோ போய்விடும். இதற்கு மேல் இரும்புத் தட்டு அடித்துக் கட்டில் போட இடமில்லை.

ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். அச்சு, பிரேக், டயர் ஆகியவை தாங்கும் எடை ஒரு கிலோகூடக் கூடாது. வண்டி தாழாததால் பாரம் அதிகமானதே கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. புறப்படும் முன் எல்லாவற்றையும் ஏற்றி, பக்கத்தில் உள்ள எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. கூடுதல் பாரத்துக்குச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

எடையைக் குறைக்க எளிய வழி தண்ணீரில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வழியில் தண்ணீர் கிடைக்கும் இடங்கள் தெரிந்தால் 200 லிட்டர் சுமக்கத் தேவையில்லை. ஒரே பெரிய டிரம்மைவிட 20 லிட்டர் கேன்கள் ஐந்தாறு இருப்பது வசதி. பாதி காலியான பெரிய டிரம்மில் தண்ணீர் தளும்பி, திருப்பத்தில் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். கேன்களைக் கேபினை ஒட்டித் தரையோடு அடுக்கிக் கட்ட வேண்டும். வால்கதவுப் பக்கம் பாரம் சேர்ந்தால் முன்சக்கரத்தின் பிடி குறைந்துவிடும்.

கேள்வி: "பட்டறையில் நிரந்தரமாகக் கூண்டு கட்டி வெல்டிங் வைத்துவிட்டால் சட்டப்படி தப்பா? சினிமாக்காரர்களின் கேரவன் மட்டும் ஓடுகிறதே?"

பதில்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கேரவன் தனி வகை வண்டி. அதற்கான தரவிதிகளின்படி கட்டப்பட்டு, அந்த வகையிலேயே பதிவாகிறது. சரக்கு வண்டியாகப் பதிவான குட்டியானையை வீடாக மாற்றிக்கொண்டு ஓட்டினால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கலாகிவிடும்.

ஆகவே, கழற்றி மாட்டும் ஏற்பாடுதான் சரி. பக்கப்பலகையில் ஏற்கெனவே உள்ள கொக்கிகளிலும் துளைகளிலும் நட்டு போல்ட் போட்டு நிறுத்தும் ஜி.ஐ. குழாய் வளைவுகள் மூன்று போதும். மேலே வெள்ளை அல்லது வெள்ளி நிறத் தார்ப்பாய். மாசி முதல் வைகாசி வரை வெயில் காலம் என்பதால், இருபுறமும் சுருட்டிக் கட்டும்படி இருந்தால்தான் காற்று வரும். கறுப்புப் பிளாஸ்டிக் உள்ளே இருக்கும் குட்டிகளை வாட்டிவிடும். வளைவை அதிக உயரமாக வைத்தால் வண்டி சாயும். வயலோரம் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியிலும் உரசும். வயலில் இறங்கும் முன் ஒருவர் இறங்கி நின்று மேலே பார்த்துச் சொல்வது கட்டாயம். படல், மூங்கில் ஆகியவை வால்கதவைத் தாண்டி வெளியே நீளக்கூடாது.

இப்படிப் புதிதாக எது செய்வதாக இருந்தாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் பிறகு எஃப்.சி. எடுக்கும்போது தொல்லை இருக்காது. எஃப்.சி.யை வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தஞ்சையில் கிடை போட்டிருக்கும்போது அது காலாவதியானால் அலைச்சல்தான்.

கேள்வி: "சிவகாசியில் பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறது. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க வாங்கலாமா? வண்டியும் முன்பு பட்டாசுக் கம்பெனிக்கு ஓடியது என்கிறார்கள்."

பதில்: உள்ளே என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாத டிரம் எந்த விலைக்கும் வேண்டாம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்கு வரும் வேதிப்பொருள்களில் நைட்ரேட், குளோரேட் உப்புகளும் உண்டு. இவை நீரில் எளிதில் கரையும். ஆட்டின் பெருவயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனை எடுத்துச்செல்ல முடியாமல் செய்துவிடும். மூச்சு வாங்குதல், தள்ளாட்டம், வாய் ஓரமும் கண்ணின் உட்தோலும் பழுப்பு அல்லது நீல நிறமாக மாறுதல் ஆகியவை அறிகுறிகள். அளவு அதிகமானால் சில மணி நேரத்தில் ஆடு செத்துவிடும். 120 ஆடுகள் ஒரே தொட்டியில் குடிக்கும்போது, டிரம்மில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். பூச்சிமருந்து கேனும் இப்படித்தான். எத்தனை முறை கழுவினாலும் அது தண்ணீர்ப் பாத்திரம் ஆகாது. உணவுப்பொருள் வந்த டிரம், இல்லையென்றால் புதிய கேன், இரண்டில் ஒன்றுதான் சரி.

வண்டி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வேதிப்பொருளோ பட்டாசோ ஏற்றிய வண்டியின் தளத்தில், பலகை இடுக்கிலும் ரப்பர் விரிப்புக்கு அடியிலும் தூள் தங்கியிருக்கலாம். அதன் மேல் வெல்டிங் பொறியோ கிரைண்டர் பொறியோ பட்டால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விரிப்பையும் பழைய பலகையையும் எடுத்துவிட வேண்டும். இரும்புக் கரண்டியால் சுரண்டக்கூடாது. நிறையத் தண்ணீர் விட்டு இடுக்கெல்லாம் அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கும் வண்டி முன்பு என்ன ஏற்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கழுவிய தண்ணீர் கிணற்றுப் பக்கமோ, ஆடு மாடு குடிக்கும் ஊருணிப் பக்கமோ போகக்கூடாது. செம்மறி உப்புச் சுவைக்காகத் தளத்தை நக்கும் என்பதால், கடைசியில் புதுப் பலகையோ விரிப்போ போட்ட பிறகுதான் குட்டிகளை ஏற்ற வேண்டும்.

கேள்வி: "தஞ்சைப் பக்கம் திருவிழாக்களில் விற்க இரண்டு பெட்டி பட்டாசு எடுத்துப் போகலாமா? டீசல் செலவுக்கு ஆகுமே?"

பதில்: கூடாது. பட்டாசு விற்க 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும். வண்டியில் ஏற்றிச் செல்வதற்கும் அந்த விதிகளில் தனி நிபந்தனைகள் உண்டு. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரே வண்டியில் அடுப்பு, கேஸ், வைக்கோல், தார்ப்பாய், பேட்டரி வயர், அதோடு பட்டாசு என்பது நினைத்தும் பார்க்க வேண்டாத சேர்க்கை. மே மாத வெயிலில் மூடிய தார்ப்பாய்க்குள் சூடு ஏறும். ஓட்டத்தில் பெட்டிகள் உரசிக்கொண்டே இருக்கும். டீசல் செலவுக்கு வழி தேட வேண்டுமானால், கிடைக்கூலியை வயல்காரரிடம் முன்கூட்டியே பேசி முடிப்பதில் தேடலாம்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கும். இரும்பையும் சேர்த்தால் 30 கிலோ அளவுக்கு வரும். சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்திக் கட்ட வேண்டும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மாட்டியிருக்கக்கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தளத்திலேயே தேங்கி நிற்கும். அதனால் அடுப்பு எப்போதும் வண்டிக்கு வெளியே, வைக்கோலையும் தார்ப்பாயையும் விட்டு எட்டி, தரையில்தான் எரிய வேண்டும். மழை என்று தார்ப்பாயை இறக்கிவிட்டு உள்ளே அடுப்பு மூட்டுவதும், கரி போட்டுக் குளிர் காய்வதும் உயிரை எடுக்கும். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். ஓட்டுநர் கதவருகே 2 கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: "சீமைக்கருவேல முள்ளும் கரிசல் சேறும்தான் பெரிய தொல்லை. டயருக்கு என்ன செய்வது?"

பதில்: முள் ஏறிய டயரில் காற்று ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. மெல்ல இறங்கும். பாரத்தோடு அப்படியே தார்ச்சாலையில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடித்துவிடும். தினமும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு காற்று என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பாரம் இருக்கும்போது ஒரு அளவு, வெறும் வண்டிக்கு ஒரு அளவு. ஸ்டெப்னியிலும் காற்று பார்க்க மறக்கக்கூடாது. கையோடு இருக்க வேண்டியவை: காற்றுமானி, காலால் மிதிக்கும் பம்பு, இடுக்கி, பஞ்சர் சாமான், டியூப் டயராக இருந்தால் மாற்று டியூப் ஒன்று.

கரிசலில் ஜாக்கி வைத்தால் வண்டி உயராது, ஜாக்கிதான் புதையும். ஒரு அடி சதுரத்தில் தடித்த பலகை ஒன்றை ஜாக்கிக்கு அடியில் வைக்க வைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்த அன்று கரிசல் வண்டிப்பாதையில் இறங்காமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். நல்ல வெயில் அடித்தால் ஒருநாளில் மேல்தோல் இறுகிவிடும். சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கக்கூடாது. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே அடைத்த சேற்றைக் குச்சியால் எடுத்துவிட்டு, சக்கரத்துக்கு அடியில் சாக்கோ பலகையோ கொடுத்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுப்பது நல்லது. அப்போது சக்கரத்துக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது; சாக்கும் பலகையும் சீறிக்கொண்டு வரும்.

கேள்வி: "இரவில் வெளிச்சத்துக்கும் போன் சார்ஜுக்கும் வண்டி பேட்டரியில் எடுத்தால், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. என்ன செய்யலாம்?"

பதில்: தனி பேட்டரி வேண்டும். 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, ஆறு மணி நேரம் எரிந்தால் 60 வாட் மணி. மூன்று போன்களுக்குச் சுமார் 45. மொத்தம் 105 வாட் மணி. 12 வோல்ட், 20 ஆம்பியர் மணி பேட்டரியில் 240 வாட் மணி இருக்கும். ஈய-அமில பேட்டரி என்றால் பாதி வரை எடுப்பதுதான் ஆயுளுக்கு நல்லது. ஆக, 120 கைக்கு வரும். 50 வாட் சூரியத்தகடு ஒன்று இருந்தால் நல்ல வெயிலில் ஒரே நாளில் இதை நிரப்பிவிடும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கண்ட்ரோலரும், பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி ஒரு ஃபியூஸும் கட்டாயம். குட்டிகள் வயரைக் கடிக்கும் என்பதால் குழாய்க்குள் விட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி: "கிடை இடம் மாறும்போது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் சாமான் மேல் உட்கார்ந்து வருகிறார்கள். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். இதில் என்ன பிழை?"

பதில்: எல்லோரும் போகிறார்கள் என்பது உண்மை. சரக்கு வண்டி கவிழ்ந்த செய்திகளில் எண்ணிக்கை பெரிதாக இருப்பதற்கும் அதுதான் காரணம். பின்னால் இருப்பவர்களுக்குச் சீட்டும் பெல்ட்டும் இல்லை. சட்டென்று பிரேக் போட்டால் ஆளும் சாமானும் சேர்ந்துதான் தூக்கி வீசப்படும். சட்டமும் துணை வராது. சரக்கு வண்டி இன்சூரன்ஸ், சரக்கின் உரிமையாளரையோ அவர் அனுப்பிய ஆளையோ மட்டுமே கணக்கில் எடுக்கும். பின்னால் ஏறிய குடும்பத்துக்கு இழப்பீடு கேட்டால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கடைசியில் வண்டிக்காரர் தலையிலேயே அது விழவும் கூடும்.

சாத்தூரிலிருந்து தஞ்சைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த முதல் பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் மனைவி, பிள்ளைகள் பேருந்தில் வரட்டும். இடையில் ஊர்விட்டு ஊர் மாறும்போது வண்டி இரண்டு நடை போகட்டும். கேபினில் எத்தனை இருக்கை என்று ஆர்.சி.யில் உள்ளதோ அத்தனை பேர் மட்டும். இந்தக் கூடுதல் செலவை வருடச் செலவில் ஒரு வரியாக எழுதிவிட்டால், அது தொலைந்த பணமாகத் தெரியாது.

பிள்ளைகளின் படிப்பையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, வேறு ஊருக்குப் போகும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழைத் தலைமை ஆசிரியர் உடனே தர வேண்டும். அது வரத் தாமதமானாலும், போகும் ஊர் அரசுப் பள்ளி சேர்க்க மறுக்க முடியாது. நான்கு மாதத்துக்கு ஒரு பள்ளி, திரும்பி வந்தால் பழைய பள்ளி என்பது பிள்ளைக்குக் கடினம்தான். தாத்தா, பாட்டி, சித்தி என யார் வீட்டிலாவது விட்டு, கோடை விடுமுறையில் மட்டும் கிடைக்கு அழைத்துக்கொள்ள முடிந்தால் அது மேல்.

இரவில் படுப்பதற்கும் ஒரு விதி உண்டு. வண்டிக்கு அடியிலோ, பின்னாலோ, சாலையோர மண்ணிலோ யாரும் படுக்கக்கூடாது. வண்டியைக் கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். கட்டிலில் கொசுவலையை விரிப்புக்கு அடியில் செருகிப் படுத்தால் பாம்புக்கும் காவல். கடித்துவிட்டால் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம். 108-க்கு அழைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆட்டுக்கு அவசரம் என்றால் 1962.

கேள்வி: "தவணையில் புது வண்டி வாங்குவது கிடைக்காரனுக்குக் கட்டுமா?"

பதில்: ஒரு பருவத்தில் எத்தனை முறை இடம் மாறுகிறோம் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். எடுத்துக்காட்டாக, 24 முறை மாறி, ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய் வாடகை கொடுத்தால் மொத்தம் 36,000 ரூபாய். மாதம் 12,000 ரூபாய் தவணை என்றால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். இதற்கு மேல் இன்சூரன்ஸ், வரி, டயர், எஃப்.சி. செலவுகள். வித்தியாசமான ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை, ஊரில் இருக்கும் எட்டு மாதங்களில் வண்டி வாடகைக்கு ஓடிச் சம்பாதிக்க வேண்டும். பருத்தி, மக்காச்சோளம் ஏற்ற உள்ளூரில் கேட்பவர்கள் இருந்து, வீட்டில் ஓட்டவும் ஆள் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் தவணைக்காக ஆட்டை விற்கும் நிலை வரும். நான்கைந்து கிடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியை வாடகைக்குப் பேசிவைத்துக்கொள்வது பலருக்கு ஏற்ற வழி. ஓட்டுவதற்குத் தனி உரிமம் தேட வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

புறப்படும் வாரத்தில் பார்க்க வேண்டியவை: ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகள் போட்டு நாளாகியிருக்க வேண்டும்; குடற்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச்சான்று, உரிமம் ஆகியவற்றின் தேதிகள் ஜூன் இறுதி வரை செல்ல வேண்டும். வண்டியின் பின்புறமும் பக்கங்களிலும் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். மந்தை நடக்கும்போது நான்குவழிச் சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலை வழியாகப் போக வேண்டும். கடந்தே ஆகவேண்டிய இடத்தில் சுரங்கப்பாலத்தைப் பயன்படுத்த வேண்டும். இருட்டில் மந்தையை ஓட்ட நேர்ந்தால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச் விளக்கோடு நடக்க வேண்டும். குடும்ப அட்டைக்கு எந்த ஊர் ரேஷன் கடையிலும் பொருள் வாங்க முடியும் என்பதால், நான்கு மாத அரிசியை ஊரிலிருந்தே ஏற்றத் தேவையில்லை. அந்த எடைக்கு இன்னும் சில குட்டிகள் நடக்காமல் வண்டியில் வரும்.